ஒத்தக்கண் பொண்ணு படம் தாவித் தாவி ஓடுதா?

உங்க சீடியில இருக்கிறது வெட்டின பிரிண்டாத்தான் இருக்கணும், அதான் 1973ல வந்த சுவீடன் படம் 'த்ரில்லர்' பழிவாங்குற இடத்துல தாவித் தாவி ஓடி சப்புனு முடியுது.

அமெரிக்காவுல ரிலீஸ் பண்ணப்போ நிறைய வெட்டி, பேரையும் மாத்திட்டாங்க. பிளேயர்ல மொத்த நேரத்தைப் பாருங்க, 82 நிமிஷம் கிட்ட காட்டினா அதுதான், முழுசு 100க்கு மேல போகும்.

நான் பண்டாரவளையில கூட்டாளி வீட்டுல முழுசும் பார்த்தேன். கண்ணுல கறுப்புப் பட்டி கட்டின அந்தப் பொண்ணு காசு சேர்த்து சேர்த்து கராத்தே, துப்பாக்கி, கார் ஓட்டன்னு ஒவ்வொண்ணா படிக்கிறா பாருங்க, படத்தோட உயிரே அதுதான், ஆனா சண்டையை ஸ்லோ மோஷன்ல ரொம்ப இழுக்குறாங்க, அது எந்த பிரிண்ட்லயும் சலிப்புதான்.

முழுசுல அப்பட்டமான பாலுறவுக் காட்சி இருக்கு, தோட்டத்து லயத்து வீட்டுப் புள்ளைங்க டிவி பார்க்க வர்ற நேரம் போட்டுறாதீங்க.