குட்டையான செடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 30 பிள்ளைகள். இந்த வாரம் முழுக்க 'விதையிலிருந்து செடி' என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, எல்லாப் பாடத்தையும் அதைச் சுற்றியே நடத்திப் பார்த்தேன். திங்கள் அன்று ஈரத்தாளைச் சுருட்டிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து அவரை விதை போட்டோம். செவ்வாய் அன்று விதைகளை அடுக்கிப் பெருக்கல். புதன் அன்று ஒரு மரத்தைப் பற்றிய கதை வாசிப்பு. வியாழன் அன்று செடியின் பாகங்களை வரைந்து பெயர் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோரை அழைத்து, செடியின் வாழ்க்கைச் சுழற்சி பற்றிய சார்ட்டுகளை மாட்டினோம். ஆறு குழுக்களில் நான்குதான் முடித்தன. ஒரு பையன், பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வேர் மேலே போகுமா என்று கேட்டுக்கொண்டே இருந்து, சார்ட் பக்கமே வரவில்லை. பெற்றோர் சிலர், இதெல்லாம் புது மோகம், பாடம் எப்போது நடத்துவீர்கள் என்றார்கள். எல்லாக் குழுவும் ஒரே வாரத்தில் முடிக்க என்ன வழி? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை ஒரே குழுவில் போடலாமா? உங்கள் பள்ளிக்கூட நினைவுகளைப் படித்திருக்கிறேன், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதையும் ஒரு விதையைச் சுற்றி நடத்தியிருக்கிறீர்கள். விதைகளை அடுக்கிப் பெருக்கல் சொல்லிக் கொடுத்ததைப் படித்தபோது, இப்படி ஒருவர் எனக்கு வாய்க்கவில்லையே என்று இருந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடாதீர்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. புது மோகம் என்கிற பெற்றோரிடம், 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்ற அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் தொடங்கிய சிறு பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகள் கையில் பறித்த பஞ்சையும் ஆட்டு ரோமத்தையும் அப்படியே கொடுத்தார்கள். ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து, காயிலிருந்தும் கொட்டையிலிருந்தும் பஞ்சைப் பிரித்தது. கிடைத்தது ஒரு அவுன்ஸ்கூட இல்லை, அதாவது 28 கிராமுக்கும் குறைவு. ஐரோப்பாவில் பருத்தித் துணிக்கு முன்பே கம்பளித் துணி ஏன் வழக்கத்துக்கு வந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு விரல் வலியிலேயே புரிந்திருக்கும். இப்படி ஒரு வேலையைச் செய்தே பாடம் கற்பதைச் 'செயல்திட்டம்' (project) என்பார்கள். அந்தப் பேச்சைப் பரவலாக்கியது வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1918இல் எழுதிய கட்டுரை. அவர் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: செய்கிற வேலையின் நோக்கம் பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

திங்கள் அன்று போட்ட அவரை விதை வெள்ளிக்கிழமை எந்த நிலையில் இருந்திருக்கும்? தோல் சுருங்கி, பிறகு உப்பி, ஓரத்தில் வெடித்திருக்கும். வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்திருக்கும். அவ்வளவுதான். பல விதைகளில் அதுகூட வந்திருக்காது. ஆனால் உங்கள் சுவரில் இருந்த சார்ட்டில் இலை இருக்கிறது, பூ இருக்கிறது, காய் இருக்கிறது, காயிலிருந்து விதைக்குத் திரும்பும் அம்புக்குறியும் இருக்கிறது. அதையெல்லாம் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? புத்தகத்தில் பார்த்தார்கள். அப்படியானால் ஜன்னலோரம் வைத்த பாட்டில் எதற்கு? நான்கு நாள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டு, நடக்காத ஒன்றை வண்ணம் தீட்டி மாட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். இந்த விஷயத்தில் என்னால் மெதுவாகப் பேச முடியாது, காரணம் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் நானும் அவரை போட்டேன். மண் நிரப்பிய ஒரு டப்பாவில். முளைத்து வெளியே வந்த பிறகு தினமும் உயரத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். புதன்கிழமை அளந்தேன், 5 சென்டிமீட்டர். வியாழக்கிழமை அளந்தேன், நாலரை. மூன்று தரம் அளந்து பார்த்தேன், நாலரைதான். செடி குட்டையாகிவிட்டது என்று எழுதினேன். எழுதும்போது எனக்குப் பயமும் இருந்தது, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதைப் போல ஒரு சந்தோஷமும் இருந்தது. என் ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை. செடி வளரும்டா, குட்டையாகாது என்று சொல்லி, நாலரையைச் சிவப்பு மையில் அடித்து ஐந்தரை என்று எழுதினார். வகுப்பு சிரித்தது. அதற்கப்புறம் நான் அந்த டப்பாவை அளக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே தினமும் அரை சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டார்.

இது நடந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் என் பேத்தி பென்சிலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்கேலில் விளிம்புக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்று இடம் இருக்கும் இல்லையா? அவள் அதை ஒதுக்கினாள், பூஜ்ஜியத்தையும் ஒதுக்கினாள், பென்சிலின் அடியை 1 என்ற கோட்டில் வைத்தாள். எதையும் ஒன்றிலிருந்துதானே எண்ணுகிறோம், அவளுக்கு அதுதான் நியாயம். கூர் முனை நின்ற எண்ணைப் படித்துச் சொன்னாள். ஒரு சென்டிமீட்டர் கூடுதல்.

அந்த நிமிடம் எனக்கு டப்பா ஞாபகம் வந்தது. புதன்கிழமை நான் ஒன்றிலிருந்து அளந்திருக்கிறேன், செடியின் உண்மையான உயரம் 4. வியாழக்கிழமை எப்படியோ பூஜ்ஜியத்தில் வைத்திருக்கிறேன், நாலரை. செடி ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. நான் தப்பாக எழுதியது புதன்கிழமை, சரியாக எழுதியது வியாழக்கிழமை. என் ஆசிரியர் அடித்தது அந்தச் சரியான எண்ணை.

உங்கள் கடிதம் வந்தது அதற்கு மூன்றாம் நாள். இப்போது தெரிகிறதா நான் ஏன் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று?

அன்றைக்கு அவர் செய்திருக்க வேண்டியது ஒரு நிமிட வேலை. 'எங்கே, எனக்கு அளந்து காட்டு' என்று சொல்லியிருந்தால் போதும். ஸ்கேல் எங்கே தொடங்குகிறது என்பதை நான் மட்டுமல்ல, வகுப்பே கற்றிருக்கும். பூஜ்ஜியம் என்றால் என்ன என்பதை அந்த வயதில் அதைவிடத் தெளிவாகக் கற்க எங்களுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு தப்புக்குள் ஒரு வாரக் கணக்குப் பாடம் இருந்தது டீச்சர். எண் பாடத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அவசரத்தில் அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். வருத்தம் இருக்கிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் புகாராக எழுதிய அந்தப் பையனைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சார்ட் பக்கமே வராதவன். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வேர் மேலே போகுமா? 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற இங்கிலாந்துக்காரர் இதே கேள்விக்காகத் தண்ணீரின் விசையால் சுழலும் சக்கரம் ஒன்றில் அவரை இன விதைகளைப் பொருத்தி முளைக்க வைத்தார். சக்கரம் சுற்றச் சுற்ற, வேர்கள் எல்லாம் மையத்தைவிட்டு வெளிப்பக்கம் நீண்டன, தண்டுகள் மையத்தை நோக்கி வளர்ந்தன. சுழற்சி வெளியே தள்ளுகிற விசையை, பூமியின் இழுப்பைப் போலவே வேர் எடுத்துக்கொண்டது. பூமி இழுக்கிற திசையை வேர் அறிகிறது என்பதற்கு அது பெரிய சான்று. வளர்ந்த மனிதர் ஒருவர் சக்கரம் செய்து விடை தேடிய கேள்வி உங்கள் வகுப்பில் தானாக வந்திருக்கிறது, யாரும் தூண்டாமல். அவனுக்கு நீங்கள் கொடுத்த வேலை பூவுக்கு வண்ணம் அடிப்பது.

எல்லாக் குழுவும் ஒரே வாரத்தில் முடிக்க என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். வழி எதுவும் சொல்ல மாட்டேன். முடிக்காத அந்த இரண்டு குழுக்களையும் சும்மா விடுங்கள்.

பாட்டில்கள் இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கும் என்று நம்புகிறேன். சனி, ஞாயிறில் தாள் காய்ந்துபோயிருக்கும். திங்கட்கிழமை போனதும் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வேர் ஒரு விரற்கடை வந்திருக்கிற பாட்டிலாகப் பார்த்து அந்தப் பையன் கையில் கொடுங்கள், அவனே கவிழ்த்து வைக்கட்டும். தாள் நழுவாமல் உள்ளே இன்னும் கொஞ்சம் தாளைத் திணிக்கச் சொல்லுங்கள். என்ன ஆகும் என்று வாயைத் திறக்காதீர்கள், நைட்டையும் சொல்லாதீர்கள். மறுநாள் வேர் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதை வரையட்டும், அதற்கடுத்த நாளும் வரையட்டும். யாராவது வேறு மாதிரி வரைந்திருந்தால் அடிக்காதீர்கள், பாட்டிலுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்துங்கள்.

அப்புறம், அவன் வரைந்த தாளை எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கீழே அவன் என்ன எழுதியிருந்தாலும் எழுத்துப்பிழையோடு அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.