எடைக்கு எதற்குச் செட்டர்?

அன்புள்ள அண்ணா,
குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஜாவாவில் கொழுந்துக் கணக்கு புரோகிராம் எழுதுகிறேன். ஒவ்வொரு ஃபீல்டையும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்று அடித்தே கை ஓய்கிறது. இவற்றைத் தானே உருவாக்கும் லோம்பாக் லைப்ரரியில் கிளாஸின் தலைக்கு மேல் டேட்டா அனோடேஷன் ஒன்று போட்டால் முடிந்தது. சீனியரோ அது ஏமாற்று வேலை, கையால் எழுது என்கிறார். எது சரி? என் கொழுந்துச் சீட்டு கிளாஸை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கையால் எழுத வேண்டாம். பத்து ஃபீல்டுக்கு இருபது மெத்தட், எல்லாம் ஒரே அச்சு, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? லோம்பாக் ஏமாற்றும் இல்லை. கம்பைல் ஆகும்போதே மெத்தட்களைச் சேர்த்துவிடும், அதை விரித்துக் காட்டும் டீலோம்பாக் கருவியை ஓட்டினால் அத்தனையும் கண்ணில் தெரியும். ஆனால் அது கம்பைலரின் உள்பாகத்தைத் தொடுவதால், புது ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) வந்தால் பழைய லோம்பாக் மக்கர் பண்ணும். அந்த அளவுக்குச் சீனியர் பயப்படுவது நியாயம்தான்.

என் கவலை அந்த டேட்டா அனோடேஷன். ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) என்று குறிக்காத எல்லா ஃபீல்டுக்கும் அது செட்டர் கொடுத்துவிடும், எடைக்கும் சேர்த்து. கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நானும் இப்படித்தான் எழுதினேன். தராசில் 38 கிலோ, ஈரக்கழிவு 2. ரிப்போர்ட்டில் காட்டுவதற்காக ஒருவர் கழிவைக் கழித்து அந்த எடையிலேயே செட் செய்துவிட்டார், டிரான்ஸாக்‌ஷன் திறந்திருந்ததால், ஆப்ஜெக்ட்டை டேட்டாபேஸோடு இணைக்கும் ஹைபர்னேட் அதை அப்படியே டேட்டாபேஸில் எழுதிவிட்டது, ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தபோது கழிவு இன்னொரு தடவை கழிந்து 36 போய் 34 ஆனது. மழையில் நனைந்து பறித்துக் கொண்டுவந்த அம்மா சீட்டை நீட்டி, "தராசுல நான் பாத்தது முப்பத்தெட்டு" என்றார். கழிவு போக அவருக்கு 36 கிலோவுக்குக் காசு வந்திருக்க வேண்டும். செட்டரே இல்லையென்றால் அந்த வரி கம்பைலே ஆகியிருக்காது.

அதனால் கிளாஸுக்கு லோம்பாக்கின் கெட்டர் அனோடேஷன் மட்டும் போடுங்கள். செட்டரை உண்மையிலேயே மாறுகிற ஃபீல்டின் தலையில் மட்டும் வையுங்கள், போன் நம்பர் மாதிரி. எடை கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தடவை வரட்டும், கழிவு தனி ஃபீல்டாக இருக்கட்டும், நிகர எடையை ஒரு மெத்தட் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் சீட்டில் விவசாயி இருக்கிறார், விவசாயிக்குள் சீட்டுப் பட்டியல் இருக்கும். இரண்டிலும் டேட்டா அனோடேஷன் இருந்தால், அது உருவாக்கும் டூஸ்ட்ரிங் (ஆப்ஜெக்ட்டை எழுத்தாகக் காட்டும் மெத்தட்) ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போய் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழையில் நிற்கும்.

டேட்டாபேஸ் என்டிட்டி (டேபிளோடு இணைந்த கிளாஸ்) அல்லாத, வெறும் தகவல் சுமக்கிற கிளாஸ்களுக்கு ஜாவாவின் சொந்த ரெக்கார்டு போதும். 2021இல் ஜாவா 16இலேயே நிலையாகிவிட்டது, அதில் செட்டரே கிடையாது.

கொழுந்து வரத்து கூடுவதற்குள் அந்தச் சீட்டு கிளாஸை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.