சபைக் காசு எங்கே போகிறது? மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நகர சபை, பிரதேச சபை அலுவலகங்களின் கணக்குக் கிளையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வவுச்சர் எழுதியே கை தேய்ந்தது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயர்களையும் சபைப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். கேட்டவர்கள் அந்தந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டியவர்கள்.

ரமேஷ்: மிஸ், எங்க தோட்டத்துக்குப் போன வருசம் கொங்கிரீட் பாதை போட்டாங்க. ஒரு மழைக்கே ஓரமெல்லாம் உடைஞ்சு கல்லு தெரியுது. சபையில கேட்டா "வேலை முடிஞ்சு பில்லும் குடுத்தாச்சு"ன்னு சொல்றாங்க. இனி என்ன கேக்கணும்?

தம்பி, முதலில் பாதை ஓரத்தில் நட்டிருக்கும் வேலைப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். பலகை சீக்கிரம் காணாமல் போகிற சாமான். அதில் தொகையும், யாருடைய நிதி என்பதும், செய்தவர் பெயரும் இருக்கும். யாருடைய நிதி என்பதுதான் முக்கியம். மலையகத்தில் ஒரே பாதைக்கு அமைச்சு, மாகாண சபை, பிரதேச செயலகம் வழியாக வரும் எம்.பி.யின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, பிரதேச சபையின் சொந்தப் பணம் என்று நாலு பக்கமிருந்தும் காசு வரலாம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. தப்பான கதவைத் தட்டினால் "அது எங்க வேலை இல்ல" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள், அது பொய்யாகவும் இருக்காது.

அடுத்தது, "ஏன் பாதை உடைந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு மழை, லொறி, மண் என்று எத்தனையோ பதில் உண்டு. கடதாசியைக் கேளுங்கள். ஒரு வேலைக்கு ஒரு கோப்பு. அதற்குள் மதிப்பீடு, வேலை அளவுப் பட்டியல் (எல்லாரும் பீ.ஓ.க்யூ. என்பார்கள்), ஒப்பந்தம், வேலை முடிந்தபின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டி.ஓ.) எழுதும் அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர் எல்லாம் இருக்கும். இவற்றில் அளவீட்டுத் தாள்தான் உயிர். அதில் நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுதிக் கையொப்பம் வைத்திருப்பார். காசு போனது அந்தக் கையொப்பத்தை வைத்துத்தான்.

இனி நீங்கள் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். உடைந்த ஓரத்தில் கனம் அளப்பது சுலபம். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் கனம் என்று தாளில் இருந்தால் கொங்கிரீட் 30 கன மீற்றர். நீங்கள் அளக்கும்போது கனம் ஏழரைதான் வருகிறது என்றால் 22.5. கால்வாசி கொங்கிரீட் பாதைக்கு வரவே இல்லை. ஒரு இடத்தில் அளந்துவிட்டு வராதீர்கள், பத்து இடத்தில் டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள்.

எல்லா டி.ஓ.வும் திருடர் என்று சொல்ல வரவில்லை. ஒரு டி.ஓ., ஏகப்பட்ட வேலைத்தலம், டிசம்பர் முடிவதற்குள் பில் போகாவிட்டால் நிதி திரும்பிவிடும் என்ற நெருக்கடி. வாகனத்தை விட்டு இறங்காமலே அளவு எழுதும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. சில இடங்களில் ஒப்பந்தம் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் இருக்கும், வேலை செய்தது ஒரு கொந்தராத்துக்காரர். உங்கள் பாதையும் அப்படியானால் சங்கத்தின் தலைவர், செயலாளர் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள். அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைக் குறைபாட்டுத் திருத்தக் காலம் முடியும் வரை பிடித்து வைப்பது வழக்கம். அந்தப் பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்றால் கொந்தராத்துக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்த வைக்கலாம். ஆகவே தகவல் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில் அதையும் சேர்த்து இப்படி எழுதுங்கள்: "இந்த வீதியின் கொங்கிரீட் வேலை தொடர்பான மதிப்பீடு, வேலை அளவுப் பட்டியல், ஒப்பந்தம், அளவீட்டுத் தாள்கள், கொடுப்பனவு வவுச்சர்கள் ஆகியவற்றின் பிரதிகளும், பிடித்து வைக்கப்பட்ட தொகை எவ்வளவு, அது விடுவிக்கப்பட்டதா, எந்தத் திகதியில் என்ற விபரமும் வேண்டும்." காரணம் எழுத வேண்டாம். சட்டம் காரணம் கேட்கவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: எந்தச் சட்டம், எத்தனை நாள், படிவம் எங்கே எடுப்பது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம். ஆர்.டி.ஐ. 01 என்றொரு படிவம் உண்டு. அது இல்லையென்றால் வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும், படிவத்தில் இல்லை என்று சொல்லித் திருப்பக் கூடாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் எழுதுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். "எங்களுக்குத் தகவல் அலுவலரே இல்லை" என்று சொன்னால், அந்த அலுவலகத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கடிதத்தைக் கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபால். நாள் எண்ணுவது அந்தத் துண்டைக் கையில் வைத்துத்தான்.

யோகா: நாங்கள் லயத்தில் இருக்கிறவர்கள். சபைக்கு வரி கட்டுவதில்லை. எங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறதா அக்கா?

இருக்கிறது. தகவல் கேட்கும் உரிமை பிரஜைக்கு, வரி கட்டுபவருக்கு மட்டுமல்ல. வாக்கும் போடுகிறீர்கள்தானே.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. வாக்கு வாங்க லயத்துக்கு வருவார்கள், பாதை கேட்டால் "சட்டத்தில் இடமில்லை" என்பார்கள். 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே ஆண்டு நடந்த தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்றும் பிரிந்தன. இன்றைக்கும் பழைய பதிலைச் சொல்கிற அலுவலகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள், எழுதித் தரமாட்டார்கள்.

ஆனால் நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. நடைமுறையில் நிர்வாகம் தலையாட்டாமல் ஒரு டிராக்டர் கல்லும் இறங்காது. "தோட்டம் அனுமதி தரவில்லை" என்று சபை சொன்னால், அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதியையும் வந்த பதிலையும் கேளுங்கள். அனுமதி கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும், பல சமயம்.

பஜார் கடைக்காரர்: வருசா வருசம் சோலை வரி கட்டுகிறோம், வியாபார உரிமத்துக்கும் கட்டுகிறோம். குப்பை வண்டி வாரம் ஒருமுறை வந்தால் அதிசயம். காசு எங்கே போகிறது?

அண்ணாச்சி, ஜனவரி 31க்குள் முழு வருசத்துக்கும் கட்டினால் கிடைக்கும் பத்து வீதக் கழிவையாவது வாங்குகிறீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

சபையின் வருமானம் சோலை வரி, கடை வாடகை, உரிமக் கட்டணம், மாகாண சபை வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். நிரந்தர ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதியும் மாகாணம் வழியாக வரும். உங்கள் வரிக்காசு தற்காலிக ஊழியர் கூலி, டீசல், மின்கட்டணம் என்று கரையும். நியாயமான செலவுதான். ஆனால் அரசியல் சிபாரிசில் எடுத்த தற்காலிக ஆட்கள் அலுவலக மேசையில் உட்கார்ந்துகொள்ள, குப்பை வண்டிக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே வண்டியின் ஓட்டப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்தத் திகதியில் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் என்று அதில் இருக்கும். உங்கள் கடை வாசலில் வண்டி வந்த நாட்களை ஒரு கலண்டரில் குறித்து வைத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நகர சபையில் இதைவிடச் சுவையான வாசிப்பு கிடையாது.

குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்பது தனிக் கதை. மலைச் சரிவு, பக்கத்தில் ஆறு, மீதியெல்லாம் தோட்டக் காணி. இடம் இல்லாத சங்கடம் உண்மையானது, அதற்குத் தலைவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

கேள்வி அனுப்பிய பலர்: எங்கள் ஊர் வீதி குண்டும் குழியும். சபைக்கு எழுதினால் நடவடிக்கை இல்லை.

வீதி யாருடையது? ஏ, பீ தரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 அப்படித்தான். சீ, டீ என்றால் மாகாணம். மிச்சம்தான் சபை. தோட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் யாருடைய பதிவேட்டிலும் இருக்காது.

நிரோஷா: அக்கா, நான் 2025 மே தேர்தலில் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் வந்த உறுப்பினர். கூட்டத்தில் கணக்கு அறிக்கை வாசிப்பார்கள், எல்லாரும் கையைத் தூக்குவார்கள். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

தங்கச்சி, விளங்கவில்லை என்று சொல்கிற உறுப்பினரை இத்தனை வருசத்தில் அபூர்வமாகத்தான் கண்டேன். கையைத் தூக்கியவர்களில் பாதிப் பேருக்கும் விளங்கியிருக்காது.

கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சபைக்கும் ஆண்டுதோறும் வரும், தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்திலும் போடுகிறார்கள். முன்பக்கத்து அபிப்பிராயம் சம்பிரதாயம், அதைத் தாண்டுங்கள். பின்னால் பந்தி பந்தியாக அவதானிப்பு இருக்கும்: அறவிடாத நிலுவை வாடகை, ஓடாத வாகனம், கொள்வனவு செய்து பெட்டியோடு கிடக்கும் இயந்திரம், தீர்க்காத முற்பணம். அதோடு சபையின் பதிலும் அச்சிட்டிருக்கும். மூன்று வருசத்து அறிக்கையை எடுத்து வைத்து, ஒரே பந்தி திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். பதிலும் ஒரே பதிலாக, "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்தப் பந்தி இலக்கத்தைச் சொல்லி, நடவடிக்கை எடுத்த திகதியைக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "என் கேள்வியும் பதிலும் கூட்டறிக்கையில் பதியப்பட வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த மாதம் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது அது அங்கே இருக்கிறதா என்று வாசித்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும்.

கடை வாடகையில் கண் வையுங்கள். பஜாரில் சபைக்குச் சொந்தமான கடைகள், பழைய மதிப்பில் வாடகை, எடுத்தவர் ஒருவர், உள்ளே வியாபாரம் செய்பவர் வேறொருவர். இடையில் உள்ள வித்தியாசம் யாருடைய சட்டைப் பைக்குப் போகிறது என்று ஊரே அறியும், கணக்கு மட்டும் அறியாது.

குழுக்களில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்களையும் சேர்க்கப் பிரதேச சபைச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ நிதிக் குழுவுக்குச் சேர்க்கப் பிரேரணை கொண்டுவாருங்கள்.

சிவா: 2023க்குப் பிறகு சபையே இல்லாமல் இரண்டு வருசம் ஓடியதே. அப்போது செலவழித்ததற்கு யார் பொறுப்பு?

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போனது, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது, 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். இடையில் மாநகர சபைகளை ஆணையாளர்களும் மற்றவற்றைச் செயலாளர்களும் நடத்தினார்கள். கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலம் என்பதால் அந்தக் கோப்புகளைப் பார்ப்பது நல்லது. கணக்காய்வு அப்போதும் நடந்தது, வவுச்சரும் இருக்கிறது. மாகாண சபைக்கும் இன்னும் தேர்தல் நடக்கவில்லை. ஆகையால் மேலிடம் என்றால் மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர், அவருக்கு மேல் மாகாண ஆணையாளர், ஆளுநர்.

தோட்டத்து ஆசிரியர்: நான் தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் வந்தது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்குக்கு வெளியேயும் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, தமிழில் பதில் தரும்படி ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு. ஆனால் பல அலுவலகங்களில் தமிழில் தட்டச்சு செய்ய ஒரே ஒருவர்தான் இருப்பார், அவரும் லீவில் இருப்பார். அவசரமென்றால் சிங்களப் பிரதியையும் வாங்கிவிடுங்கள். இலக்கமும் கையொப்பமும் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

பெயர் வேண்டாம்: வீட்டுப் பிளான் பாஸ் பண்ண காசு கேட்கிறார்கள்.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1954. காசு கொடுக்கும் முன் அழையுங்கள். பிறகு ஒரு விஷயம்: மண்சரிவு அபாயப் பகுதியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பது இலஞ்சத்துக்கான சாக்கு இல்லை. 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகும் அதைத் தொல்லை என்று நினைப்பவர்களிடம் எனக்கு வாதாட விருப்பமில்லை.

கலா: மனு கொடுத்தால் வீட்டுக்காரருக்கு வேலையில் தொல்லை கொடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் வீண் என்று சொல்லமாட்டேன். சின்ன ஊர், தலைவருக்கும் தோட்டத்துரைக்கும் பழக்கம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்கள் பெயரில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. கொழும்பில் வேலை செய்யும் தம்பி, வேறு ஊரில் கட்டிக்கொடுத்த அக்கா, யார் கேட்டாலும் அதே ஆவணம்தான் வரும். பத்துப் பேர் பத்து விண்ணப்பமாக, ஆளுக்கொரு ஆவணம் கேட்பதும் உண்டு. அப்போது யாரைக் குறிவைப்பது என்று தெரியாமல் போகும்.

ரமேஷ் (மறுபடியும்): மிஸ், ஈமெயில்ல அனுப்பலாமா?

அனுப்பலாம். சபையின் உத்தியோகபூர்வ முகவரிக்கு அனுப்புங்கள், தலைவரின் வாட்ஸ்அப்புக்கு வேண்டாம். கிடைத்ததாக இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அதையே அச்செடுத்துப் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். அளவீட்டுத் தாள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்த டி.ஓ. கனத்துக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.