அம்மா நாளிதழை ஒதுக்குவது மறதிநோயாலா?

முதியோர் இல்லத்தில் சேர்ந்தபின் 78 வயதான உங்கள் அம்மா நாளிதழைத் தொடுவதில்லை என்பதை மட்டும் வைத்து மறதிநோய் என்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் கண்ணையும் வெளிச்சத்தையும் பாருங்கள்.

60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 78 வயதில் கண்புரையும் சேர்ந்திருந்தால், அறைக்கு ஒன்றாக எரியும் குழல்விளக்கு அவருக்குப் போதாது. (மூக்குக்கண்ணாடி பக்கத்துக் கட்டில்காரருடையதோடு மாறிப்போவதும் உண்டு.)

பகலில் சன்னலோரம் அமரவைத்து, தலைப்பையும் அதன் கீழுள்ள செய்தியையும் வாசிக்கச் சொல்லுங்கள். தலைப்பு மட்டும் வருமானால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டையும் வாசித்துவிட்டுப் பொருள் சொல்ல இயலாவிட்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால், வாசிக்கும் திறன் ஒரே நாளில் திடீரென நின்றிருந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.