உங்கள் சொந்த ஊர் எது? அதன் வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த பகுதி எது?

தரங்கம்பாடி. பிழைப்புக்காகக் கொடைக்கானல் வந்து மூஞ்சிக்கல் பக்கம் குடியிருக்கிறேன். ஊர்ப் பேரைச் சொன்னதும் இங்கே பாதிப் பேர் "ஓ, அந்த டேனிஷ் கோட்டையா, போயிருக்கோமே" என்பார்கள். கோட்டை இருக்கிறது, நல்ல கோட்டைதான். ஆனால் டேனிஷ்காரர்கள் வந்தது 1620இல். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அதற்கு முந்நூறு வருஷம் முன்பே அங்கே நிற்கிறது, அதாவது கடல் விழுங்கினது போக மிச்சம் நிற்கிறது.

தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்த கூத்து. 1639க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை! சொந்த நாட்டில் சண்டை, டேனிஷ் வியாபாரக் கம்பெனியில் காசில்லை, இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள் அல்லது ஓடினார்கள், கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண ஆள் ஒருவர்தான் மிச்சம். அவர் ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டே கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, 1669இல் கப்பல் வரும்வரை டேனிஷ் கொடியை இறக்காமல் ஓட்டியிருக்கிறார். டேனிஷ் கோட்டை என்று போர்டு வைத்திருக்கிறோம், அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது பெரும்பாலும் நம்மாட்கள்தான்.

அப்புறம் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. 1706இல் வந்தார், உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார், கோட்டைத் தளபதியோடு ஒத்துப்போகாமல் சில மாதம் ஜெயிலிலும் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் தடிதடியாக இருந்ததால் காகிதம் ஏகமாய்ச் செலவானது, அதனால் சின்ன எழுத்தாகப் பக்கத்துப் பொறையாறிலேயே வார்த்துக்கொண்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

1845இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். (அதே வருஷம்தான் அமெரிக்க மிஷனரிகள் வெயில் தாங்காமல் மலையேறிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள்.) 1860 வரை தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமாக இருந்தோம், பிறகு அதுவும் போனது. மறுவருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய வீடுகளை இடித்துப் பெரிசாகக் கட்ட யாரிடமும் காசில்லை. ராஜ வீதி இன்றைக்கும் அப்படியே இருப்பதற்குக் காரணம், என்னைக் கேட்டால், பழமையைக் காக்கும் உணர்வைவிட அந்த வறட்சிதான் அதிகம். எங்களுக்கு ரயில் வந்தது 1926இல், நஷ்டம் என்று 1986இல் நிறுத்திவிட்டார்கள். அப்பா தலைமுறைக்கு மாயவரம் போய் சினிமா பார்க்க அந்த வண்டிதான்.

கோட்டையையும் சர்ச்சுகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ஊர்க்காரர்களை யாரும் பார்ப்பதில்லை. விடியும் நேரத்தில் ஃபைபர் படகுகள் கரையேறும்போது போய் நில்லுங்கள். வலையை உதறி முடிப்பதற்குள் கானாங்கெளுத்தியும் சங்கராவும் மணலில் குவியல் குவியலாகக் கிடக்கும், பிளாஸ்டிக் கூடையோடு சூழ்ந்து நிற்கும் பெண்கள் ஏலத்தில் விலையை அடித்துப் பேசுவார்கள், புதிதாய்ப் போகிறவர்களுக்கு யார் எதை எடுத்தார்கள் என்றே புரியாது. 2004 சுனாமியில் அதிகம் இழந்தது இவர்கள்தான். பல குடும்பங்களுக்குக் கரையைவிட்டுத் தள்ளி வீடு கொடுத்தார்கள், ஆனாலும் தொழில் கடலோடுதானே, பொழுது விடியுமுன் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

கொடைக்கானலிலிருந்து போவதென்றால் திண்டுக்கல், திருச்சி, மயிலாடுதுறை, அங்கிருந்து பொறையாறு வழியாகப் போகும் பஸ். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். சித்திரை வெயிலில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.