செல்ஃப் எடுக்காத பேட்டரிக்கு எந்த சார்ஜர்? கேள்வி பதில்

நின்றுபோன வண்டி, இறங்கிப்போன பேட்டரி, கடையில் அடுக்கிவைத்திருக்கும் விதவிதமான சார்ஜர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பழுதுபார்க்கும் மேசையில் பல வருடம் பேட்டரிகளோடு பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மூன்று வாரம் நிறுத்திவைத்த கார் செல்ஃப் எடுக்கவில்லை. சார்ஜர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை ஆம்பியர் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பேட்டரி வெறுமனே இறங்கியிருக்கிறதா, கெட்டே போய்விட்டதா என்று தெரியாமல் சார்ஜர் வாங்கினால் பணம் வீணாகலாம். ஓடி நின்ற வண்டி என்றால் சில மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். சாதாரண ஆசிட் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பியருக்குக் கணக்கு சுலபம். பேட்டரி மேல் 45 ஏஎச், 60 ஏஎச் என்று அச்சடித்திருக்கும் (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு). அதில் பத்தில் ஒரு பங்கு போதும். 45 ஏஎச் பேட்டரிக்கு 4 அல்லது 5 ஆம்பியர் சார்ஜர் பொருத்தம். பாதி இறங்கியதை ஏற்ற ஆறு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். இரவில் போட்டுக் காலையில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10 ஆம்பியர் வாங்கினால் சீக்கிரம் ஏறுமே?

பதில்: ஏறும், கூடவே சூடும் ஏறும். 100 ஏஎச் பேட்டரிக்கு அது சரியான அளவு. சின்ன பேட்டரிக்கு, அதிலும் ஏற்கெனவே தளர்ந்துபோனதற்கு, வேண்டாம்.

கேள்வி: டிரிக்கிள் சார்ஜர், மெயின்டெய்னர் இரண்டும் ஒன்றா? விலையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பதில்: ஒன்று இல்லை. பழைய மாதிரி டிரிக்கிள் சார்ஜர், பேட்டரி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படி ஒன்றை நான் ஒரு தடவை இரண்டு வாரம் மாட்டியே வைத்துவிட்டேன். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி, தகடுகளின் மேல் விளிம்பு வெளியே தெரிந்தது. காற்றுபட்ட அந்தப் பகுதி பிறகு தேறவே இல்லை.

மெயின்டெய்னர் நிலைமையைப் பார்த்து நடந்துகொள்ளும். முதலில் முழுக் கரண்டில் ஏற்றும். 14.4 வோல்ட்டை ஒட்டி வந்ததும் அங்கேயே நிறுத்திப் பிடித்து, பேட்டரி வாங்கும் கரண்ட் தானாகக் குறையும்வரை காத்திருக்கும். அதன்பின் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, தானாகக் கசியும் சார்ஜை மட்டும் ஈடுகட்டும். இந்தக் கடைசி நிலைக்கு ஃப்ளோட் என்று பெயர். இது இருந்தால்தான் மாதக்கணக்கில் மாட்டிவைக்கலாம். வண்டி அடிக்கடி ஓடாமல் நிறுத்தியிருக்கும் என்றால் 1 ஆம்பியர் மெயின்டெய்னரே போதும். ஆனால் சுத்தமாக இறங்கிய பேட்டரியை அதில் ஏற்ற இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃப்ளோட் உள்ள 4 அல்லது 5 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜராக வாங்குங்கள், இரண்டு வேலையையும் பார்க்கும். வெயில், குளிருக்குத் தகுந்தபடி வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. சூட்டில் கொஞ்சம் குறைவாகவும் குளிரில் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'ரிப்பேர் மோட்', 'டீசல்ஃபேஷன்' என்று போட்டிருக்கிறதே, அது உண்மையிலேயே செத்த பேட்டரியை எழுப்புமா? நம்பி வாங்கலாமா சார்?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதுதான். பேட்டரி இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. இது இயல்புதான், சார்ஜ் ஏற்றினால் கரைந்து திரும்பிவிடும். ஏற்றாமல் அப்படியே விட்டுவைத்தால் அந்த மெல்லிய படிவு பெரிய படிகங்களாக இறுகிப்போகும். இறுகியது சாதாரண சார்ஜுக்கு மசியாது. தகட்டின் அந்த இடத்துக்கு வேலை இல்லாமல் போகிறது, பேட்டரியின் கொள்ளளவு சுருங்குகிறது. ரிப்பேர் மோட் துடிப்புத் துடிப்பாகவோ, 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியோ அந்தப் படிகங்களை உடைக்கப் பார்க்கும்.

படிகம் இளசாக இருந்தால் பலன் உண்டு. என் மேசைக்கு இரண்டு பேட்டரிகள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று இரண்டு மாதம் போல 11.9 வோல்ட்டில் கிடந்தது. மெதுவாக ஏற்றி, ஒரு நாள் ரிப்பேர் மோடில் வைத்து, மறுபடி ஏற்றினேன். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை, பேட்டரிக்குள் தனித்தனி அறைகளாக இருக்கும் ஆறு செல்லிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தால் ஆறும் 1.25-ஐ ஒட்டி நின்றன. புதிதின் 1.27 இல்லைதான், ஆனாலும் வண்டியை ஓட்டியது. இன்னொன்று ஒரு வருடம் ஓரமாகக் கிடந்தது. ஐந்து செல் 1.22, ஒரு செல் மட்டும் 1.12. மூன்று நாள் பாடுபட்டும் அந்த ஒரு செல் அசையவில்லை. உறிஞ்சிய ஆசிட் பழுப்பாகக் கலங்கி இருந்தது, தகட்டுப் பொருள் உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உதிர்ந்ததை எந்தச் சார்ஜரும் திரும்ப ஒட்டவைக்காது.

ஆகவே அந்த மோடை நம்பி மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பயன்படுத்தும்போது பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள், அந்த வோல்ட்டேஜ் வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது. இன்னொரு அடையாளமும் சொல்லிவிடுகிறேன். முழுக்க ஏற்றி ஓய்வுகொடுத்த பிறகும் 10.5 வோல்ட் பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. புதியது வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் சார்ஜர் மாட்டினால் பேட்டரியே இல்லாதது போல எரர் காட்டுகிறது. மீட்டரில் 3 வோல்ட் வருகிறது.

பதில்: பல ஸ்மார்ட் சார்ஜர்கள் வோல்ட்டேஜ் ரொம்பக் குறைவாக இருந்தால் வேலையே தொடங்காது. முதலில் உங்கள் சார்ஜரில் ஃபோர்ஸ் மோட் (வோல்ட்டேஜ் குறைவாக இருந்தாலும் ஏற்றத் தொடங்கும் வசதி) இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஜம்பர் கேபிளால் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என இணைத்து, அதன்மேல் சார்ஜரை மாட்டுங்கள். சார்ஜர் நல்ல பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்த்து ஓடத் தொடங்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் காலியானது கொஞ்சம் மேலே வந்திருக்கும். சார்ஜரை அணைத்துவிட்டு நல்லதைக் கழற்றுங்கள், பிறகு மற்றதை மட்டும் தனியாக ஏற்றலாம். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். அவ்வப்போது பேட்டரியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை பொறுக்காத சூடோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் உடனே மெயின்ஸை அணைத்துவிடுங்கள். உடல் உப்பியிருக்கும் பேட்டரியிலும், உள்ளே உறைந்துபோனதிலும் இந்த வேலையே கூடாது.

கேள்வி: என் காரில் ஏஜிஎம் பேட்டரி. சாதாரண சார்ஜர் போடலாமா?

பதில்: ஏஜிஎம் என்பது ஆசிட் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும், மூடி திறக்க முடியாத பேட்டரி. ஏஜிஎம் தேர்வு உள்ள சார்ஜரே வாங்குங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும், 14.7 வரை. ஆனால் 15-க்கு மேல் போகும் ரிப்பேர் மோடை அதில் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வாயுவாகி வெளியேறினால் தண்ணீர் விட்டு நிரப்ப வழியில்லை. ஜெல் பேட்டரி இன்னும் நொய்மையானது. லித்தியம் என்றால் அதற்கென்றே உள்ள மோட் இருக்க வேண்டும்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்து சார்ஜ் போடலாமா? பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: சாதாரண சார்ஜுக்குக் கழற்றத் தேவையில்லை. வரிசை முக்கியம். சுவிட்ச் அணைந்திருக்க, சிவப்பு கிளிப்பை பிளஸ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்பு கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி, வண்டியின் பெயின்ட் படாத உலோகத்தில் கவ்வவிடுங்கள். கடைசியாக மெயின்ஸ். எடுக்கும்போது முதலில் மெயின்ஸை அணைத்து, கறுப்பு, அப்புறம் சிவப்பு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. கறுப்பைத் தள்ளி மாட்டச் சொல்வது பொறி பேட்டரிப் பக்கம் விழக்கூடாது என்பதற்காக. பானட்டைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புது வண்டிகள் பலவற்றில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும், அதற்கும் இந்த முறைதான் சரி.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் தகடு வெளியே தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, முழு அளவை சார்ஜ் முடிந்தபின் நிரப்புங்கள். ஏறும்போது மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்துவிடும்.

கேள்வி: ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் ஆல்டர்நேட்டரே ஏற்றிவிடாதா?

பதில்: அடுத்த ஸ்டார்ட்டுக்கு வேண்டியது ஏறலாம், நிறையாது. இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்நேட்டர், நல்ல பேட்டரியை நிறைவாக வைத்திருக்கத்தான், காலியானதை நிரப்ப அல்ல. அதன் சூடும் சுமையும் கூடும்.

கேள்வி: எப்சம் உப்பு போட்டால் பேட்டரி பிழைக்கும் என்கிறார்களே?

பதில்: போடாதீர்கள். இறுகிய சல்ஃபேட்டை அது சரிசெய்யாது.

கேள்வி: சார்ஜ் ஏற்றினால் நன்றாக ஏறுகிறது, ஒரு வாரத்தில் மறுபடி இறங்கிவிடுகிறது. சார்ஜர் சரியில்லையா?

பதில்: சார்ஜர் மேல் தப்பில்லை. முழுக்க ஏற்றி, மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, இரண்டு மூன்று நாள் விட்டு அளந்து பாருங்கள் (சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்). தனியாக இருந்தும் இறங்கினால் பேட்டரிதான் பிடிக்கவில்லை. 12.6-லேயே நின்றால் வண்டி எங்கோ கரண்டைக் குடிக்கிறது.

வண்டி பூட்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது சகஜம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், மூன்று வாரத்தில் 25 ஏஎச். முதல் கேள்வி கேட்ட தம்பியின் பேட்டரி 45 ஏஎச் என்றால், அதில் பாதிக்கு மேல் இப்படியே போயிருக்கும். உங்களுக்கு ஒரே வாரத்தில் இறங்குகிறது என்றால் அதைவிட அதிகம் போகிறது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, மைனஸ் டெர்மினலுக்கும் கழற்றிய கிளாம்ப்புக்கும் நடுவில் வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். கதவுகளை மூடி, வண்டி தூங்கப்போக அரை மணி நேரம் கொடுங்கள். அதன்பிறகும் 50 மில்லி ஆம்பியரை (0.05 ஆம்பியர்) தாண்டிக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, குடிக்கிற ஆள் அந்த வழியில்தான் இருக்கிறது. டிக்கி விளக்கு அணையாமல் எரிவது, வண்டி வாங்கியபிறகு பொருத்திய கேமரா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.