டாப்ஸ்லிப் காட்டு நடை: கேட்டவர்களுக்கு ஒரு பழைய வனவரின் பதில்கள்

டாப்ஸ்லிப் இருக்கிற ஆனைமலைக் காட்டில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்டு நடை போகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: நடைக்கு ரேஞ்சரே கூட வருவாரா சார்?

வரமாட்டார். ரேஞ்சர் என்றால் வனச்சரகர், ஒரு சரகம் முழுவதற்கும் பொறுப்பு. அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் என்று வரிசை உண்டு. உங்களுடன் நடக்கப்போவது பெரும்பாலும் காடர், மலசர் போன்ற பழங்குடிக்காரர் ஒருவர். சீருடையைப் பார்த்து எடை போடாதீர்கள்.

என்னோடு வந்த மலசர் ஒருவர் நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டார். தூசு எங்கள் முதுகுப்பக்கமிருந்து முன்னால் போனது. அதாவது எங்கள் வாடை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதுவரை மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது; அது நின்றுவிட்டது. "இப்பதான் கேக்குதுங்க" என்றார். ஒடிக்கிற சத்தம் இருக்கிறவரை யானை மேய்கிறது. நின்றால், அதற்கு நம்மைத் தெரிந்துவிட்டது. வந்த வழியே திரும்பினோம். அதனால்தான் சொல்கிறேன், முன்னால் போகிறவரைத் தாண்டாதீர்கள்.

கே: புலி பார்க்கலாமா?

பார்த்தால் அதிர்ஷ்டம். கால்தடம், மரத்தில் நகம் பிறாண்டிய கோடு, முடி கலந்த எச்சம், இவை கிடைக்கும். கடமான் உரக்கக் கத்தினால் அருகில் புலி இருக்கலாம், அசையாமல் நில்லுங்கள்.

கே: டாப்ஸ்லிப் என்ற பேர் எப்படி வந்தது ஐயா?

வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிச் சறுக்கவிட்டார்கள். அந்த இடம்தான் டாப்ஸ்லிப். வெட்டித் தீர்த்த காட்டில் திரும்பத் தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. நடக்கும்போது கைத்தடியால் மண்ணில் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே போவாராம். 1933-இல் இறந்தார், கல்லறை அங்கேயே தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. தேக்கு மட்டும் நட்டதில் சோலைக்காடு எவ்வளவு போயிற்று என்பது தனிக்கணக்கு. அதையும் சேர்த்துப் பேசாமல் அவரைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

கே: அட்டைக்கு உப்பு எடுத்துவரலாமா?

வேண்டாம். அட்டை ஏறாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் நகத்தை ஓரத்தில் கொடுத்துத் தள்ளுங்கள், விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், உறையவிடாத சத்தை அது செலுத்திவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

கே: புலி வருமா? குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும்.

மேலே சொல்லிவிட்டேன்.

கே: யானை துரத்தினால் சரிவில் ஓடணும், அதுக்கு முன்னங்கால் குட்டை, இறங்காதுன்னு எங்க தாத்தா சொன்னார்.

இறங்கும். பின்னங்காலை மடக்கி, உட்கார்ந்த மாதிரி சறுக்கிக்கொண்டே இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கே: தாத்தா சொன்னது சரிதாங்க. வளைஞ்சு வளைஞ்சும் ஓடணும்.

தம்பி, யானை மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடும். உண்ணிச்செடிக்குள் நீங்கள் வளைந்து ஓடினால் பத்தடியில் முள்ளில் மாட்டுவீர்கள்.

கே: அப்போ சும்மா நின்னு மிதி வாங்கணுமா?

அப்படி யார் சொன்னார்? அந்த நிலைமைக்கே போகாமல் இருக்கத்தான் காவலர் முன்னால் நடக்கிறார். பல நேரம் அது காதை விரித்து நாலடி பாய்வது மிரட்டலுக்குத்தான், ஆனால் எது மிரட்டல் என்று கணிக்கும் வேலை உங்களுடையதல்ல. அவர் பின்வாங்கு என்றால் பின்வாங்கு, ஓடு என்றால் அவர் காட்டும் பக்கம் ஓடு. பையையோ துண்டையோ கீழே போட்டால் அது அதில் தாமதிக்கும் என்பார்கள். நானும் ஒருமுறை துண்டைப் போட்டுவிட்டு வந்தேன். அது எடுத்துப் பார்த்ததா என்று நின்று பார்க்கவில்லை.

தாத்தாக்களை இத்தோடு விட்டுவிடுவோம்.

கே: நாங்கள் நாலு பேர், ஜிபிஎஸ் இருக்கிறது. அனுமதி இல்லாமல் போனால் என்ன?

வழக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள், அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. கோடையில் தீ அபாயம் என்று பாதையை மூடினால் சண்டை போடாதீர்கள். 2024-இல் அரசு 40 பாதைகளை வழிகாட்டியோடு நடக்கத் திறந்தது. முறையாகப் பதிவு செய்து போங்கள். முன்னால் போகிறவரைத் தாண்டாதீர்கள்.

கே: செண்ட் போடலாமா? டிரோன்?

இரண்டும் கூடாது.

கே: புலி...

அடுத்தது.

கே: மதியச் சாப்பாடு?

எலுமிச்சைச் சோறு, வாழையிலையில் கட்டியது. மீந்ததைக் குரங்குக்குப் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். வழிகாட்டுகிறவருக்கும் ஒரு பொட்டலம் கட்டுங்கள், அவர் காலையிலிருந்து நடக்கிறார்.